கண் உண்டு, காது எங்கே?

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

விஞ்ஞானம் இன்று கட்டுமானத் தொழிலுக்கும் கண்ணையும் குரலையும் வழங்கியிருக்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் எழும்பி வரும் அடுக்குமாடிகளைப் பாருங்கள். வாசலில் ஒரு காமிரா. கம்பத்தின் உச்சியில் ஒரு காமிரா. மேற்பார்வையாளர் கையில் வாக்கி-டாக்கி. இவை வேண்டியவையே. ஆனால் இவை யாருக்காகப் பார்க்கின்றன, யாருடைய பேச்சைக் கேட்கின்றன என்பதே என் கேள்வி.

இக்கருவிகளின் அருமையை நான் மறுக்கவில்லை. டவர் கிரேனை இயக்குபவர் வானளாவிய உயரத்தில் சிறு அறைக்குள் அமர்ந்திருக்கிறார். சுவருக்குப் பின்னால் இறங்கும் பாரம் அவர் பார்வைக்கு எட்டாது. கீழே நிற்கும் சிக்னல்காரரின் குரலும், கொக்கியை நோக்கிப் பொருத்திய காமிராவுமே அவருக்குத் துணை. சாதாரண வாக்கி-டாக்கியில் பொத்தானை அழுத்திப் பேசும்போது எதிர்க்குரலைக் கேட்க இயலாது. ஒரே அலைவரிசையில் இருவர் சேர்ந்து பேசினால் இருவர் சொல்லும் குழம்பிவிடும். கான்கிரீட்டும் இரும்பும் ரேடியோ அலைகளை வலுவிழக்கச் செய்வதால், நிலத்தடித் தளத்தில் நிற்பவருக்கு மேலிருந்து கூறுவது எட்டாமலும் போகலாம். எனவே கிரேனுக்கென்று தனி அலைவரிசையும், கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்யும் பழக்கமும் உயிர் காப்பவை.

ஆயினும் அந்தக் கருவி மேஸ்திரிக்குக் கீழே இறங்குவது அரிது. சாரத்தின் மீது நிற்கும் ஒடிசாத் தொழிலாளி எதில் பேசுவார்? எந்த மொழியில் பேசுவார்? என் தந்தை கொத்தனார். அவர் ஒருநாள் சொன்னார்: "காமிரா வந்தப்புறம் நாம டீ குடிக்கப் போறது தெரியுது, சாரம் ஆடுறது மட்டும் யாருக்கும் தெரியலை."

நம் பகுதி மறக்கக்கூடாத நாள் ஒன்று உண்டு. 2014 ஜூன் 28. போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டி வந்த 11 மாடிக் கட்டடம் சரிந்தது. 61 பேர் மாண்டனர். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் அவர்களுள் பலர். கட்டமைப்பின் வடிவமைப்பிலேயே குறை இருந்ததாக நீதிபதி ரகுபதி ஆணையம் கூறியது. அருகில் நின்ற மற்றொரு கட்டடமும் 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது.

இடிபாடுகளில் உயிர் தேடுவோர், எந்திரங்களை எல்லாம் நிறுத்திவிட்டுச் செவிமடுப்பார்கள். சிறு முனகலையும் உணரும் கருவிகளை வைப்பார்கள். இடுக்குகளில் காமிராவை நுழைப்பார்கள். கட்டடம் சரிந்த பின் காட்டும் அந்தக் கவனத்தில் பாதியையேனும், அது நின்றிருக்கும்போது காட்டலாகாதா?

தொழிலாளிக்கு வடிவமைப்புக் கணக்கு தெரியுமா என்று சிலர் கேட்கலாம். தெரியாமலிருக்கலாம். ஆனால் சுவரில் கீறல் விழுந்தால் முதலில் காண்பவர், அதன் அருகில் நிற்பவரே அன்றோ! 500 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில், தொழிலாளர் பிரதிநிதிகளும் அமரும் பாதுகாப்புக் குழு வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுச் சட்டமே கூறியது. அந்தக் கருத்தைக் கருவிகளுக்கும் விரிப்போம். மாடிதோறும் யாரும் அழுத்தக்கூடிய அபாயப் பொத்தான் வேண்டும். அறிவிப்புகள் தமிழோடு இந்தி, ஒடியா, வங்காளம், தெலுங்கிலும் ஒலிக்க வேண்டும். எச்சரித்தவரின் கூலியில் கை வைக்கக்கூடாது. காமிராவில் பதிந்ததைத் தொழிலாளர் பிரதிநிதிகளும் பார்க்க வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களே, மாணவத் தோழர்களே! உழைப்பாளர் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் தலைமுறை நம்மில் பலர். நாளை நம் கைக்கும் அந்த வாக்கி-டாக்கி வரலாம். அன்று, பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டுச் சற்றே கேட்போம்.