கடல் காணாத ஊரும் கடற்படையும்

போடிநாயக்கனூரில் மேற்கே நோக்கினால் ஏலமலைகளே தெரியும், கடல் தெரியாது. ஆகவே, சென்ற வாரம் வகுப்பில் ஒரு மாணவன், "ஸார், கடலையே பார்க்காத நமக்குக் கடற்படைப் பாடம் எதற்கு?" என்று கேட்டதில் வியப்பில்லை.

அந்த மலைகளுக்கு அப்பால், கொச்சியில், நம் கடற்படையின் தென்பிராந்தியத் தலைமையகம் இருக்கிறது. மேற்குப் பிராந்தியத்துக்கு மும்பையும், கிழக்குக்கு விசாகப்பட்டினமும் தலைமையிடங்கள். மூன்றுக்கும் மேலே, டில்லியில் கடற்படைத் தலைமைத் தளபதி. அவருக்கும் மேலே யார்? அரசியல் சட்டத்தின் 53-வது ஷரத்துப்படி முப்படைகளின் உச்ச அதிகாரம் ஜனாதிபதியினுடையது. அவரோ மந்திரி சபையின் ஆலோசனைப்படி நடப்பவர். மந்திரி சபையோ லோக் சபைக்குப் பொறுப்பானது. பார்லிமெண்ட் அனுமதியாமல் கடற்படைக்கு ஒரு காசும் செலவிட முடியாது. பீரங்கி ஒருவர் கையில். பணப்பை மற்றொருவர் கையில்! இந்த ஏற்பாட்டின் நுட்பமே இதுதான்.

இப்பொறுப்பு இல்லாத ஆட்சியில் என்ன நேரும் என்பதை 1946 காட்டிற்று. அவ்வருஷம் பிப்ரவரி 18-ந் தேதி, பம்பாயில் 'தல்வார்' என்னும் பயிற்சி நிலையத்து மாலுமிகள், மோசமான உணவையும் மேலதிகாரிகளின் இழிசொல்லையும் பொறாமல் வேலைநிறுத்தம் செய்தனர். சில தினங்களுக்குள் ஏறக்குறைய 20,000 பேர் சேர்ந்துகொண்டனர். அவர்களுடைய குறையைக் கேட்க வேண்டிய சர்க்கார், இந்திய மக்களுக்குப் பதில் சொல்லும் சர்க்கார் அன்று. சர்தார் படேலின் யோசனையை ஏற்று, 23-ந் தேதி அவர்கள் பணிந்தனர்.

இன்று நிலைமை வேறு. மேலதிகாரி அநீதி இழைத்தால் முறையிடும் உரிமையை 1957-ம் வருஷத்துக் கடற்படைச் சட்டம் மாலுமிக்கு வழங்கியிருக்கிறது. 2007-ம் வருஷத்துச் சட்டம் முப்படையினருக்கென்று தனி நியாயமன்றமும் ஏற்படுத்திற்று. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. ஏலக்காட்டில் காய் எடுப்பவர், கூலி குறைந்தால் வேறு தோட்டம் தேடிப் போகலாம். தோழர்களைக் கூட்டிச் சங்கமும் வைக்கலாம். மாலுமி நினைத்தபோது விலக முடியாது. சர்க்கார் அனுமதியின்றிச் சங்கத்தில் சேரவும் முடியாது. கட்டுப்பாட்டுக்காக அவன் விட்டுக்கொடுத்திருக்கும் உரிமைகள் இவை.

அப்படியானால் அவனுக்காக வாய் திறக்க வேண்டியவர் யார்? நாம் வோட்டளித்து அனுப்பிய பிரதிநிதிதான். அவரைக் கேட்க வேண்டியவர்கள் நாம். நம் வகுப்பிலிருந்தே ஒரு பையன் நாளை அந்த வெள்ளுடை அணியக்கூடும். கடலைக் காணாதவர்களும் கடற்படைப் பாடம் படிக்க வேண்டியது அதற்காகத்தான்.