மூன்றாவது சக்கரம் எதற்கு?

முன்னால் இரண்டு சக்கரம் வைத்த பைக்கைக் கண்டதும், "பேலன்ஸ் வராதவர்களுக்கான வண்டி" என்று உதட்டைப் பிதுக்குவது அநியாயம். 2018-இல் யமஹா விற்பனைக்குக் கொண்டுவந்த நைக்கனை எடுத்துக்கொள்ளுங்கள். சிக்னலில் அது தானாக நிற்காது. காலை ஊன்றாவிட்டால் சாய்ந்துவிடும். ஆக, கூடுதல் சக்கரம் வந்தது சமநிலைக்காக அல்ல, பிடிமானத்துக்காக. வளைவில் பின்சக்கரம் வழுக்கினால் பல நேரம் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் தரைதான். நைக்கனில் ஒரு முன்டயர் மணலில் ஏறினாலும் இன்னொன்று தாரைப் பற்றியிருக்கும். முன்பக்கத்து இணைகரச் சட்டம் இரு சக்கரங்களையும் வண்டியோடு சேர்த்து 45 பாகை வரை சாயவிடுகிறது. திரும்பும்போது உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்தில் ஓட வேண்டும் என்பதால், ஸ்டியரிங் இணைப்பு அதைச் சற்று அதிகமாகத் திருப்புகிறது. கேன்-ஆம் ஸ்பைடருக்கும் முன்னால் இரண்டு சக்கரம் உண்டு. ஆனால் அது சாயாது. வளைவில் ஓட்டுபவரை வெளிப்பக்கம் தள்ளும். கவிழாமல் காக்க மின்னணுக் கட்டுப்பாடு வேண்டும். பயணத்துக்கு நல்ல வண்டிதான், ஆனால் ஸ்போர்ட் பைக் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நைக்கனுக்கும் குறை உண்டு: அதே எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த யமஹாவின் எம்டி-09 பைக்கைவிட எடை மிக அதிகம், 260 கிலோவைத் தாண்டுகிறது. மழையில் மலைச்சாலை ஏறுபவருக்கு அது கொடுக்கத் தகுந்த விலையே. சக்கரத்தை எண்ணி வண்டியை எடைபோடாதீர்கள். வளைவில் சாய்கிறதா என்று பாருங்கள்.