'பத்து தடவை எழுது' போதுமா? வீட்டு டிக்டேஷனில் பெற்றோர் கவனிக்க வேண்டியது என்ன?

வியாழக்கிழமை இரவு எட்டரை மணி. கடலூர் மஞ்சக்குப்பமானாலும் சரி, சிதம்பரம் அண்ணாமலை நகரானாலும் சரி, ஆரம்பப் பள்ளிக் குழந்தை இருக்கிற வீட்டில் ஒரே குரல்தான்: "நாளைக்கு டிக்டேஷன், நோட்டை எடு!" அம்மா பத்து வார்த்தை சொல்வார். நாலு தப்பு வரும். "ஒவ்வொண்ணும் பத்து தடவை எழுது" என்று உத்தரவு பறக்கும். வெள்ளிக்கிழமை பத்துக்கு ஒன்பது. இரண்டு வாரம் கழித்து அதே வார்த்தை ஒரு வாக்கியத்தில் வரும்போது பழைய தப்பு திரும்பி வந்து நிற்கும்.

"இவனுக்கு ஞாபகசக்தியே இல்ல" என்று பல வீடுகளில் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். ஆனால், கோளாறு பிள்ளையிடம் இல்லை. பயிற்சி நடக்கிற விதத்தில் இருக்கிறது. பரீட்சை வைக்கப் பள்ளிக்கூடம் இருக்கிறது. வீட்டு டிக்டேஷனின் வேலை, பிள்ளை எந்த எழுத்தில் தடுமாறுகிறது என்று கண்டுபிடிப்பது.

ஒன்பது மார்க் எப்படி வந்தது?

2006-ல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக்கே இருவரும் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பிரிவினர் பாடப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் தங்கியிருந்தது.

அந்தச் சோதனை சிறு பிள்ளைகளிடமோ எழுத்துப் பிழை பற்றியோ நடந்ததல்ல. ஆனாலும் வியாழன் இரவு மனப்பாடம் வெள்ளிக்கு உதவி, அடுத்த வாரம் ஏன் கைவிடுகிறது என்பதை அது நன்றாகவே விளக்குகிறது.

"நாங்கல்லாம் இம்போசிஷன் எழுதித்தானே வளர்ந்தோம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பத்து தடவை எழுதினால் கையெழுத்து சீராகலாம். ஆனால் இரண்டாவது வரியிலிருந்தே பிள்ளை யோசிப்பதில்லை. மேல் வரியைப் பார்த்து வரைகிறது. முதல் வரியில் தப்பு இருந்தால், அந்தத் தப்புக்குத்தான் பத்து தடவை பயிற்சி!

கேட்டதைத்தானே எழுதினான்?

தமிழில் ஒலிக்கும் எழுத்துக்கும் பெரும்பாலும் பொருத்தம் உண்டு. ஆனால் சொல்கிறவரின் நாக்கும் சரியாக இருக்க வேண்டும். அம்மா "பளம்" என்று சொன்னால் பிள்ளை 'பளம்' என்றுதான் எழுதும். அதன் காது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. எனவே, சிவப்பு மை போடுவதற்கு முன் தப்பு எந்த வகை என்று பார்க்க வேண்டும்.

முதல் வகை, காதால் பிடிக்கக்கூடியது. குறில், நெடில், 'பள்ளி' என்பதை 'பளி' என்று எழுதுவது போன்றவை. மெதுவாகப் பிரித்துச் சொல்லி, அசைக்கு ஒரு கைதட்டல் என்று விளையாடினாலே இதில் பெரும்பகுதி சரியாகும்.

இரண்டாவது வகை, காதால் மட்டும் பிடிக்க முடியாதது. 'ந', 'ன' இரண்டும் இன்றைய பேச்சில் ஒரே ஒலிதான். 'ர', 'ற' வேறுபாடும் பெரும்பாலான ஊர்களில் கேட்பதில்லை. "நல்லா கேட்டு எழுது" என்று பிள்ளையை அதட்டி இதில் பயனில்லை. பொருளும் விதியும்தான் கைகொடுக்கும். பனி, பணி, அரம், அறம், வலி, வழி போன்றவற்றை ஜோடியாக, ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது வகை ஒற்று. பலாவும் பழமும் சேர்ந்தால் நடுவில் ஒரு 'ப்' வந்து உட்கார்ந்துகொள்ளும். பண்ருட்டிப் பக்கத்துப் பிள்ளைக்கு இதை விளக்கப் புத்தகம் தேவையில்லை.

மூணு சுழியா, ரெண்டு சுழியா?

'ண', 'ன' குழப்பத்துக்கு வீடுகளில் கிடைக்கும் பதில் "மூணு சுழி போடு" என்பதுதான். எங்கே போடுவது என்பதை அது சொல்வதில்லை. பழைய ஆசிரியர்கள் இந்த எழுத்துகளை டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்று அழைத்தார்கள். விதி பெயரிலேயே இருக்கிறது. 'ட' வருவதற்கு முன் 'ண்', 'த' வருவதற்கு முன் 'ந்', 'ற' வருவதற்கு முன் 'ன்'. கண்டான், வந்தான், சென்றான். இந்த ஒரு விதி பிடிபட்டால் நூற்றுக்கணக்கான சொற்கள் ஒரே மாலையில் சரியாகும்.

இன்னொன்று: 'ற' இரட்டிக்கும், 'ர' இரட்டிக்காது. காற்று, வெற்றி என்று எழுதும்போது 'ர்ர' போடலாமா என்ற சந்தேகமே வர வேண்டியதில்லை.

பஸ் போர்டே பாடப்புத்தகம்

கடலூர் மாவட்டத்துப் பெற்றோருக்குப் பயிற்சிச் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. சிதம்பரத்தில் 'ம்ப', குறிஞ்சிப்பாடியில் 'ஞ்ச', பரங்கிப்பேட்டையில் 'ங்க', மந்தாரக்குப்பத்தில் 'ந்த'. கொள்ளிடம், வெள்ளாறு இரண்டிலும் 'ள்ள'. திருப்பாதிரிப்புலியூர் என்பதைத் திரு, பாதிரி, புலியூர் என்று மூன்றாகப் பிரித்துக் காட்டினால், இரண்டு 'ப்' எங்கிருந்து வந்தன என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும். கடல் தெரிந்தால் கடலூர் தெரியும், கடலோரம் தெரியும். இப்படிக் குடும்பமாகக் கற்ற சொற்கள், தனித்தனியாக மனப்பாடம் செய்தவற்றைவிடச் சுலபமாகக் கைக்கு வரும்.

ஆங்கிலத்துக்கு வேறு வழி

ஆங்கில ஸ்பெல்லிங்கில் சிக்கல் வேறு. நம் 'ப' ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் 'பி' என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. பிள்ளை அவற்றை மாற்றிப் போடுவதில் ஆச்சரியம் இல்லை. தவிர, உச்சரிக்காத எழுத்துகளும் நிறைய. இங்கே கண்ணுக்கும் நினைவுக்கும் சேர்த்து வேலை கொடுக்க வேண்டும். பார், சொல், மூடு, எழுது, சரிபார் என்ற ஐந்து படி முறை பல நாடுகளின் ஆரம்பப் பள்ளிகளில் பழக்கத்தில் உள்ளது. இதில் 'மூடு' என்ற படிதான் உயிர். அதை விட்டால் மறுபடியும் இம்போசிஷன்தான்.

தினமும் பத்து நிமிடம்

திங்கள்: பட்டியல் வந்ததும் படிக்காமலே ஒருமுறை எழுதச் சொல்லலாம். சரியாக வந்த சொற்களை அந்த வாரம் தொட வேண்டாம்.

செவ்வாய்: தப்பான சொற்கள் மட்டும். சொல் முழுவதையும் அல்ல, தடுமாறிய எழுத்தை மட்டும் வட்டமிட்டு, பிள்ளையே புத்தகத்தைப் பார்த்துத் திருத்தட்டும்.

புதன்: அந்தச் சொற்களை வைத்துப் பிள்ளையே வாக்கியம் சொல்லி எழுதட்டும்.

வியாழன்: இந்த வாரச் சொற்களோடு போன வாரம் தப்பான இரண்டு.

சென்னையிலோ புதுச்சேரியிலோ வேலை பார்க்கும் அப்பா, சொற்களை வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டில் அனுப்பலாம். தாத்தா, பாட்டி சொற்களைச் சொல்லலாம். எழுதிக் காட்டும்போது மட்டும் ஒரு கவனம் தேவை. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தில் 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. அதற்கு முன் படித்தவர்கள் 'லை', 'னை' போன்றவற்றைப் பழைய கொம்போடு எழுதினால் பிள்ளை குழம்பும்.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் என்ன செய்வது? பிள்ளை எழுதியதை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். தன் தப்பைத் தானே கண்டுபிடிக்க அது ஒரு நல்ல வழி. 2021-ல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது முதல் கட்ட மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாத பிள்ளைக்குத் தெருவிலேயே ஒரு அக்கா கிடைக்க வேண்டும் என்ற அந்த யோசனை இன்றைக்கும் தேவை.

பள்ளிகளும் யோசிக்கலாம்

2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் ஒரே வகுப்புப் பிள்ளைகளையும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறது. டிக்டேஷன் பட்டியல் மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக இருப்பானேன்? பட்டியலைத் திங்களன்றே கொடுப்பதும், போன வாரச் சொற்களை மறுபடி கேட்பதும், தப்புக்கு இம்போசிஷன் கொடுப்பதை நிறுத்துவதும் எந்தப் பள்ளிக்கும் செலவு வைக்காது.

"போன்ல ஆட்டோ கரெக்ட் இருக்கே, இவ்வளவு எதுக்கு?" என்றும் கேட்கலாம். ஆரம்பப் பள்ளியில் இழப்பு வேறு இடத்தில் நடக்கிறது. தப்பு வந்தால் திட்டு விழும் என்று பழகிய பிள்ளை, ஸ்பெல்லிங் தெரிந்த சொற்களை மட்டுமே எழுதும். 'அலையாத்திக்காடு' என்று எழுத ஆசைப்பட்டு, பயந்து, 'காடு' என்று நிறுத்திக்கொள்ளும். அந்தப் பிள்ளையின் நோட்டில் தப்பே இருக்காது, பிச்சாவரமும் இருக்காது. இந்த வியாழக்கிழமை மார்க் போடாமல், "இந்த எழுத்து ஏன் இப்படி போட்ட?" என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.