மரத்தடிக்கு வந்த மருத்துவர்கள்

பெல்ஜியத்திலிருந்து வந்த மருத்துவர் ஃபிரான்ஸ் ஹெமரிக்ஸ் 1955-இல் செங்கல்பட்டு மாவட்டம் பொலம்பாக்கத்தில் தொழுநோய் மையம் தொடங்கினார். ஏற்கெனவே காங்கோவில் இந்நோயோடு போராடியவர். நோயாளிகளைக் கொண்டுவந்து அடைப்பதற்கு விடுதி கட்டாமல், சுற்றுவட்டாரக் கிராமங்களில் சாலையோர மரங்களைப் பார்த்து வைத்தார். சொன்ன நாளில் சொன்ன மரத்தடிக்கு வண்டி வரும். ஊர்க்காரர்கள் உடம்பைக் காட்டி, டாப்சோன் மாத்திரை வாங்கிக்கொண்டு வயல்வேலைக்குத் திரும்புவார்கள்.

அவரோடு பணியாற்றிய கிளேர் வெல்லுட், அவருக்குப் பின் அந்த மையத்தைத் தலைமையேற்று நடத்தினார். இந்தியக் குடியுரிமை பெற்று, வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த நாட்டின் தொழுநோயாளிகளுக்கே கொடுத்தார். 2013-இல் மறைந்தார். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களில் இடம்பெற வேண்டிய பெயர் இது.

மரத்தடி ஏன் அவ்வளவு முக்கியம்? தொழுநோய் வலிக்காது, அதன் ஆபத்தே அதுதான். கிருமி நரம்பைத் தாக்குவதால் தேமலில் உணர்ச்சி போகிறது, பிறகு கைகால் மரத்துப்போகிறது. சூடு பட்டாலும் ஆணி குத்தினாலும் தெரியாது. விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, உணராத காயங்களால்தான் சிதைகின்றன என்று வேலூரில் எடுத்துக்காட்டியவர், கொல்லிமலையில் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட். வலி இல்லாதவர் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார். ஊர் ஒதுக்கிவிடும் என்ற பயமும் சேர்ந்தால் தேமலைச் சட்டைக்குள் மறைத்துக்கொள்வார். அதனால் மருத்துவர்தான் தேடி வரவேண்டும்.

2005 இறுதியில், பத்தாயிரம் பேருக்கு ஒரு தொழுநோயாளிக்கும் குறைவு என்ற இலக்கை இந்தியா எட்டியது. அது பெரிய சாதனை. ஆனால் நோய் ஒழிந்துவிட்டது என்று நாமே முடிவுகட்டிக்கொண்டது தவறு. உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இன்றும் இந்தியர்களே. கிருமி உடம்பில் புகுந்து அறிகுறி தெரியவே சராசரியாக ஐந்து ஆண்டுகள் ஆகும், சிலருக்கு இருபதுகூட. இப்படிப்பட்ட நோயை ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் முகாமை மட்டும் நம்பி விட்டுவிட முடியாது. வீடுவீடாகத் தேடும் பணிக்கு ஆளும் பணமும் குறையக்கூடாது.

எந்த ஊரானாலும், உணர்ச்சியற்ற, வெளிறிய அல்லது சிவந்த தேமல் கண்ணில் பட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். முதுகில் இருப்பது தனக்குத் தெரியாது. வீட்டில் உள்ளவர்தான் பார்த்துச் சொல்லவேண்டும். கூட்டு மருந்து இலவசம். நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதம் அல்லது ஓராண்டு சாப்பிட்டால் முழுதாகக் குணமாகும்.