ஒளிப்படத் தரமும் இரைச்சல் நீக்கமும்: ஒரு மறுப்புரை

புதிய டிஜிற்றல் கமரா ஒன்றின் தரத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் வினா வணிகருக்கும் பொழுதுபோக்காளருக்குமே உரியதெனக் கருதி எம்மிற் பலர் வாளாவிருந்துவிட்டனர். அதன் விளைவாக, வணிகர் வகுத்த அளவுகோலே இன்று பல்கலைக்கழக வளாகத்திலும் அளவுகோலாகிவிட்டது. இருட்டில் எடுத்தாலும் படத்திற் புள்ளி விழாது என்பது கண்டிக் கடைவீதியிலே கேட்கும் விளம்பரம். ஏடுகளையும் பழைய ஆவணங்களையும் படம்பிடிக்கப் புறப்படும் மாணவ நண்பர்களும் அதனையே ஐயமின்றி ஒப்புவிக்கின்றனர். புள்ளி விழாத படமே நல்ல படம் என்னும் இக்கொள்கை பிழையானது. ஆய்வுத் துறையைப் பொறுத்தவரை தீங்கானதுமாகும்.

முதலில், இரைச்சல் எனப்படுவது யாதென்பதைத் தெளிந்துகொள்ளுதல் வேண்டும். ஒளி தொடர்ச்சியான நீரோட்டம் போல வருவதன்று; மழைத்துளிகளைப் போலத் தனித்தனித் துகள்களாக வருவது. ஒரே பரப்பளவுள்ள இரு பாத்திரங்களை முற்றத்தில் வைத்தாற் சரிசமமான துளிகள் விழுவதில்லை. அதுபோலவே கமராவின் உணரியிலுள்ள சிறு கூறுகளிலும் ஒளித்துகள்கள் ஏற்றத்தாழ்வுடன் விழுகின்றன. சராசரியாக 100 துகள்கள் விழுமிடத்து ஏற்றத்தாழ்வு அதன் வர்க்கமூலமாகிய 10 அளவினது. அதாவது நூற்றுக்குப் பத்து. 10,000 துகள்கள் விழுமிடத்து அது 100. அதாவது நூற்றுக்கு ஒன்று. ஒளி குறையுந்தோறும் இரைச்சல் மேலோங்குவதன் தலையாய காரணம் இதுவே. கமராவின் மின்சுற்றும் தன் பங்குக்குச் சிறிது சேர்க்கின்றது. ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்துவதால் மேலதிக ஒளி எதுவும் உட்புகுவதில்லை. கிடைத்த சிறிதளவு சைகை பெருக்கப்படுகின்றது. அதனுடன் ஏற்றத்தாழ்வும் பெருகுகின்றது.

ஆகவே இரைச்சலைக் குறைப்பதற்கு நேர்மையான வழி ஒன்றே உண்டு. அது ஒளியைக் கூடுதலாகச் சேர்த்தல். பெரிய உணரி, அகன்ற வில்லைத் துவாரம், முக்காலியின் துணையுடன் நீண்ட நேரம் திறந்திருக்கும் மூடி ஆகியன இவ்வழியைச் சார்ந்தவை. 36 மில்லிமீற்றர் நீளமும் 24 மில்லிமீற்றர் அகலமுமுடைய உணரியின் பரப்பு 864 சதுர மில்லிமீற்றர். கைத்தொலைபேசிகள் பலவற்றின் உணரி 25 சதுர மில்லிமீற்றர் அளவினது. இவ்விரண்டையும் மெகாபிக்சல் எண்ணிக்கையை மாத்திரங் கொண்டு ஒப்பிடுவது, நெல்லை நிறுக்காது மணிகளை எண்ணி விலைபேசுவதை ஒக்கும்.

மற்றைய வழி ஊகம். அண்டையிலுள்ள புள்ளிகளுடன் ஒவ்வாத புள்ளியைக் கண்டவிடத்து, அது இரைச்சலாகத்தான் இருத்தல் வேண்டுமெனக் கருவி முடிவுசெய்து அதனை அழித்துவிடுகின்றது. விரும்பியோ விரும்பாமலோ, பெரும்பாலான கைத்தொலைபேசிகளில் இம்முடிவு எமது சம்மதமின்றியே எடுக்கப்படுகின்றது. தமிழ் பயில்வோர் விழிப்படைய வேண்டிய இடம் இதுவே. தனித்து நிற்கும் சிறு புள்ளி எமது எழுத்துமுறையிலே பொருளற்ற அழுக்கன்று. மெய்யெழுத்து புள்ளி பெற்று நிற்கும் எனத் தொல்காப்பியம் விதி வகுத்தது. ஓலையிலே புள்ளியிடாது எழுதிய வழக்கத்தினால், மெய்யா உயிர்மெய்யா எனத் துணியமாட்டாது சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் போன்ற பதிப்பாசிரியர் பட்ட இடர் நாம் அறிந்ததே. அச்சு மீட்டுத் தந்த அப்புள்ளியை இன்று கமரா மீண்டும் பறித்துக்கொள்ள நாம் இடங்கொடுப்பதா?

இஃது வெறுங் கற்பனை அச்சமன்று. சில ஆண்டுகளுக்கு முன் கலஹாப் பகுதித் தோட்டமொன்றின் லயக் காம்பிராவிலே, கங்காணி ஒருவரின் பழைய கடன் கணக்குக் கொப்பியைப் படம்பிடித்தேன். மழைக்காலப் பிற்பகல், சன்னலற்ற அறை, மங்கிய பென்சில் எழுத்து. புதிதாக வாங்கிய கருவி தந்த படம் பளிங்கு போல விளங்கியது. வீட்டுக்கு வந்து வாசித்தபொழுது பெயர்களிலே மெய்ப்புள்ளிகள் பல மறைந்திருந்தன. ரூபாவையும் சதத்தையும் பிரித்த புள்ளியுங் கரைந்து, 12.50 என்பது 1250 ஆகக் காட்சியளித்தது. அதே பக்கத்தை வாசலில் வைத்து ஒரு பழைய கமராவினாலும் எடுத்திருந்தேன். அப்படம் மணல் தூவியது போலிருந்தது. ஆயின் ஒவ்வொரு புள்ளியும் அதன் இடத்திலேயே இருந்தது. கடனாலேயே தோட்டத்துடன் பிணிக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றில், கடனை நூறு மடங்காக்கும் அழகான படத்தை நல்ல படமென எவ்வாறு கூறுவது?

உலகம் இத்தகைய தவற்றை முன்னரும் கண்டுள்ளது. 2013 ஆம் ஆண்டில் டேவிட் கிறீசெல் என்னும் ஜேர்மானியக் கணினியியலாளர், செரொக்ஸ் நிறுவனத்தின் சில வருடு பொறிகள் ஆவணங்களிலுள்ள இலக்கங்களை வேறு இலக்கங்களாக மாற்றிவிடுவதை வெளிப்படுத்தினார். கோப்பின் அளவைச் சுருக்குவதற்காக, ஒத்த தோற்றமுள்ள வடிவங்களை ஒன்றெனக் கொண்ட செயன்முறையே அதற்குக் காரணம். மாறிய இலக்கங்கள் மங்கலாகவும் இருக்கவில்லை, தெளிவாகவே இருந்தன. தெளிவு வேறு, மெய்ம்மை வேறு என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இதற்கு எதிராக இரு வாதங்கள் கூறப்படுவதுண்டு. இரவுக் காட்சிகளுக்கு இரைச்சல் நீக்கம் இன்றியமையாதது என்பது ஒன்று. அசையாப் பொருளைப் பதினாறு தடவை எடுத்துச் சராசரி காணின் இரைச்சல் நான்கிலொன்றாகக் குறையும். அதனை நான் மறுக்கவில்லை. அது மெய்யான ஒளியைச் சேர்க்கும் முறையே. ஆனால் எசல பெரஹராவில் தீப்பந்தங்களின் நடுவே சுழன்றாடும் வெஸ் நடனக் கலைஞர் பதினாறு தடவை அசையாது நிற்பாரா? அவருடைய மார்பணியின் மணிகளைக் களிம்பாகக் குழைக்கும் படத்திலும், மணிகள் தெரியும் இரைச்சற் படமே மேலானது. பொதுமக்கள் வழுவழுப்பான படத்தையே விரும்புகின்றனர் என்பது மற்றைய வாதம். விருப்பம் சான்றாகாது. கொழுந்து பறிப்பவரின் முகச்சுருக்கத்தையும் விரற்கறையையும் நீக்கிவிட்டு அழகென வழங்கும் படம், அவருடைய உழைப்பையே படத்திலிருந்து நீக்கிவிடுகின்றது.

எனவே புதிய கமராவை விளம்பரத்தின் முன் வைத்துச் சோதியாது, எமது வெளிச்சத்தில் வைத்துச் சோதித்தல் வேண்டும். மங்கிய அறையிலே பென்சிலால் எழுதிய தமிழ்ப் பக்கமொன்றை, ஐ.எஸ்.ஓ. 100 தொடக்கம் 6400 வரை படிப்படியாக உயர்த்திப் படம்பிடியுங்கள். திரையில் முழு அளவுக்குப் பெருப்பித்து, புள்ளிகள் எப்படியிலே மறைகின்றன எனக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணே அக்கமராவின் எல்லை. நிறத்திற்கு 256 படிநிலைகளுடன் சுருக்கப்பட்ட ஜேபெக் கோப்புடன் அமையாது, 14 பிற்றுக் கமராவாயின் 16,384 படிநிலைகள் வரை தாங்கும் றோ கோப்பையும் பேணுங்கள்.

சிதைந்த ஏட்டைப் பதிப்பிக்கும் நல்லாசிரியன் சிதைந்த இடத்தைச் சிதைந்ததெனவே காட்டுவான். தன் சொல்லை மூல ஆசிரியரின் சொல்லாக இட்டு நிரப்புபவனைப் பதிப்பாசிரியன் என நாம் ஏற்பதில்லை. கமராவுக்கு மாத்திரம் வேறு நீதி வழங்குவதற்கு நியாயம் எதுவுமில்லை. எமது துறைகளிற் சேமிக்கப்படும் ஒவ்வோர் ஆவணப் படத்துடனும் அதன் மூலக் கோப்பும், எத்தகைய நீக்கங்கள் செய்யப்பட்டன என்னும் குறிப்பும் சேர்க்கப்படல் வேண்டும். அவை இல்லாத படத்தைச் சான்றாக ஏற்க மறுக்கும் துணிவு விரிவுரையாளருக்கும் மாணவருக்கும் ஒருங்கே வரவேண்டும்.