தடுப்பூசி உரிமையா, பயணச் சீட்டா?

தாராவியின் மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலிருந்து சயான் ரயில் நிலையம் நடந்து செல்லும் தூரம்தான். ஆனால் 2021 ஆகஸ்ட் 15 முதல் அந்த நிலையத்தின் வாயில் அனைவருக்கும் திறந்திருக்கவில்லை. இரண்டு தவணைத் தடுப்பூசியும் செலுத்திக்கொண்டு 14 நாட்கள் கடந்தவர்களே புறநகர் ரயிலில் பயணிக்கலாம் என்று மகாராஷ்டிர அரசு ஆணையிட்டது. ஒமைக்ரான் அலை தணிந்து வந்த 2022 பிப்ரவரியிலும் அந்த ஆணை நீடித்தது. அதனை எதிர்த்த வழக்கு மும்பை உயர்நீதிமன்றத்தில் நடந்தது.

தடுப்பூசி செலுத்திக்கொண்டவர் நோயைப் பரப்பமாட்டார், செலுத்திக்கொள்ளாதவரே பரப்புவார் என்ற அனுமானமே இந்த ஆணையின் அடித்தளம். அறிவியல் இதனை எந்த அளவுக்கு ஏற்கிறது?

டெல்டா திரிபு பரவிய காலத்தில் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் நோயாளிகளின் வீட்டாரைத் தொடர்ந்து கண்காணித்தனர். அவர்களது முடிவுகள் 2021 அக்டோபரில் லான்செட் தொற்றுநோய் இதழில் வெளியாயின. தடுப்பூசி செலுத்தாத வீட்டாரில் 38 சதவீதத்தினருக்கும், முழுமையாகச் செலுத்தியோரில் 25 சதவீதத்தினருக்கும் தொற்று ஏற்பட்டது. அதாவது, தடுப்பூசி ஓரளவு காத்தது. ஆனால் தொற்றிக்கொண்ட பிறகு நிலைமை வேறு. தடுப்பூசி செலுத்திய நோயாளியிடமிருந்து வீட்டாருக்குப் பரவியது 25 சதவீதம். செலுத்தாதவரிடமிருந்து பரவியது 23 சதவீதம். பெரிய வேறுபாடு இல்லை.

ஒமைக்ரான் வந்தபோது இடைவெளி மேலும் சுருங்கியது. 2021 டிசம்பரில் டென்மார்க்கில் நடந்த வீட்டளவிலான ஆய்வில், தடுப்பூசி செலுத்தாதோரை டெல்டாவும் ஒமைக்ரானும் ஏறத்தாழ ஒரே அளவில் தொற்றின. இரு தவணை செலுத்தியோரைத் தொற்றும் வாய்ப்போ ஒமைக்ரானுக்கு இரு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. உடலில் உருவான எதிர்ப்பாற்றலைத் தாண்டிச் செல்லும் திறனே ஒமைக்ரானின் வேகத்துக்கு முக்கியக் காரணம் என்பதே இதன் பொருள். தடுப்பூசி செலுத்தாதவரிடமிருந்து பரவுவது சற்றுக் கூடுதல் என்பதும் அதே ஆய்வில் உண்டு. ஆனால் ஒருவரை ரயிலில் ஏற்றி மற்றவரை இறக்கிவிடும் அளவுக்கான வேறுபாடு அதுவன்று.

இது தடுப்பூசிக்கு எதிரான வாதம் அல்ல. கடும் நோயிலிருந்தும் மரணத்திலிருந்தும் தடுப்பூசி காக்கிறது. எனவேதான் அது ஒவ்வொரு உழைப்பாளியின் உரிமை. அந்த உரிமையைச் சந்தைக்கு விட்டவர்கள், பின்னர் அதையே நுழைவுச் சீட்டாக்கினார்கள் என்பதே குற்றச்சாட்டு.

கணக்கு எளிது. 2021 மே 1 முதல் 18 வயதைக் கடந்தோருக்குத் தடுப்பூசி என்று மோடி அரசு அறிவித்தது. ஆனால் மாநிலங்களையும் தனியார் மருத்துவமனைகளையும் தனித்தனி விலையில் வாங்கச் செய்தது. கையிருப்பின்றி மகாராஷ்டிரம் 18 முதல் 44 வயதினருக்கான ஊசியை மே மாதத்திலேயே நிறுத்திவைத்தது. தனியாரிடம் கோவிஷீல்டு ஊசி ஒன்றுக்கு 780 ரூபாய் வரை வாங்கலாம் என்று ஜூனில் ஒன்றிய அரசே உச்சவிலை நிர்ணயித்தது. உச்சநீதிமன்றம் கண்டித்த பிறகே, ஜூன் 21 முதல் ஒன்றிய அரசு 75 சதவீதத் தடுப்பூசியைக் கொள்முதல் செய்து இலவசமாக வழங்கியது. அன்று முதல் தவணை பெற்ற இளம் தொழிலாளி, 84 நாள் இடைவெளியும் 14 நாள் காத்திருப்பும் கடந்து ரயிலேற முடிந்தது செப்டம்பர் 27இல்தான். பணம் கொடுத்து முன்னரே செலுத்திக்கொண்டவருக்கு ரயில் முன்னரே கிடைத்தது. தடுத்து நிறுத்தப்பட்டது வைரஸ் அல்ல, தினக்கூலி.

வைரஸ் எங்கே பரவியது என்பதும் தெரியாததல்ல. 2020 ஜூலையில் மாட்டுங்கா, செம்பூர், தகிசர் வார்டுகளில் நடந்த இரத்தப் பரிசோதனை ஆய்வில், குடிசைப் பகுதி மக்களில் 57 சதவீதத்தினரிடம் நோய் எதிர்ப்பணுக்கள் காணப்பட்டன. அதே வார்டுகளின் மற்ற குடியிருப்புகளில் 16 சதவீதத்தினரிடமே காணப்பட்டன. அப்போது தடுப்பூசியும் இல்லை, புதிய திரிபும் இல்லை; வைரஸ் ஒன்றுதான். வேறுபட்டவை நெருக்கமான வீடுகளும் பொதுக் கழிப்பறைகளும். திரிபுகள் மாறலாம், பத்துக்குப் பத்து அறையில் ஒரு குடும்பமே உறங்கும் நிலை மாறாதவரை ஒவ்வொரு புதிய திரிபும் அங்கே எளிதில் பரவும்.

ரயில் பயணத்துக்கான தடுப்பூசி நிபந்தனை உடனே நீக்கப்பட்டிருக்க வேண்டும். 2022 ஜனவரி 10 முதல் சிலருக்கு மட்டும் வழங்கப்பட்ட மூன்றாம் தவணை, விடுபட்டோருக்கான முதல் இரு தவணைகளோடு, குடிசைப் பகுதிகளுக்கே கொண்டுசென்று அனைவருக்கும் இலவசமாக வழங்கப்பட்டிருக்க வேண்டும். காற்றோட்டமுள்ள வீடும் குடும்பத்துக்கொரு கழிப்பறையும் நோய்த்தடுப்புத் திட்டத்தின் பகுதியாக அறிவிக்கப்பட வேண்டும். அண்ணா பாவ் சாத்தே வாழ்ந்து இயங்கிய லேபர் கேம்ப்புக்கு இவை புதிய கோரிக்கைகள் அல்ல. பெருந்தொற்று அவற்றின் நியாயத்தை மீண்டும் மெய்ப்பித்திருக்கிறது. அவற்றைச் சந்து சந்தாக எடுத்துச்செல்ல வேண்டியது நமது கடமை.