குயவர் மீதா பழி?

பொங்கலுக்குப் பானை கிடைக்காவிடில் உடனே குயவரைக் குறை கூறுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. வாங்குவோர் இருந்தும் செய்து கொடுக்க அவருக்குத் திறமில்லை என்று மேடையேறிப் பேசுவாரும் உளர். இக்கூற்றை நான் அடியோடு மறுக்கிறேன்.

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் தமிழர் மண்பாண்டத் தொழில் இன்றும் நடைபெறுகிறது. மண்ணை மிதித்துப் பதப்படுத்திச் சக்கரத்தில் வனைந்து, தட்டிச் சீராக்கி, நிழலில் உலர்த்தி, வெயிலில் காயவைத்த பின்னரே சூளையில் அடுக்கலாம். ஈரம் போகாத பானை தீயில் வெடித்துவிடும். தீபாவளி அகலும் கார்த்திகை விளக்கும் பொங்கல் பானையும் அடுத்தடுத்துக் கேட்கப்படுகின்றன. மேற்குக் கரையில் மழை மிகுவதோ அக்டோபர், நவம்பர் திங்களில்! குயவர் கை விரைந்தாலும் ஈரம் விரைந்து காயுமா?

வாரத்துக்கு 200 பானை முடிப்பதாக வைத்துக்கொள்வோம். 3,000 பானைக்கு 15 வாரம் வேண்டும். ஆறு வாரத்தில் கேட்டால் 1,200 பானைதான் கிடைக்கும். எஞ்சிய 1,800 பேர் அவரை வைதுவிட்டுச் செல்வர். நம் ஐந்தாம் ஆண்டு மாணவனும் போடக்கூடிய கணக்கு இது.

கூடுதல் ஆள் வைக்கலாமே என்பர். சக்கரத்தில் கை பழக ஆண்டுகள் ஆகும். ஆறு வாரக் கூலிக்கு அத்தகைய கை எங்கே கிடைக்கும்? பெரிய சூளை கட்டினால் மார்ச்சில் அது வெறுமனே கிடக்கும். தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் இறக்கலாம் என்பார்க்கு ஒன்று சொல்வேன்: பானை வரும், மாணவர்க்குக் காட்ட இங்கே ஒரு சூளை இராது.

சுட்ட பானை கெடுவதில்லை. பூக்கட்டுவோர்க்கு வாய்க்காத நற்பேறு இது. மழை குறைந்த ஜூன், ஜூலையில் வனைந்து அடுக்கிவைக்கலாம். ஆயின் மண்ணுக்கும் விறகுக்கும் கூலிக்கும் போட்ட பணம் அரையாண்டு முடங்கிக் கிடக்குமே! அதைக் குயவர் ஒருவரே சுமக்க வேண்டுமாம். தமிழ்ப் பண்பாட்டைப் பற்றி முழங்கும் நாமோ சனவரி முதல் வாரத்தில் சென்று விலை பேசுவோமாம்!

குயவரும் தம் சூளையின் அளவறிந்து, 'இவ்வளவே இயலும்' என்று கூறத் துணிய வேண்டும். எல்லார்க்கும் தலையாட்டிவிட்டு அரைகுறையாகக் காய்ந்ததைச் சுட்டுக் கொடுப்பது தொழில் அன்று. ஆனால் அவர் அவ்வாறு மறுத்துக் கூறும் துணிவு பெற, கையில் முன்பணம் வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் கோயில் நிருவாகங்களும் ஜூன் திங்களிலேயே எண்ணிக்கை கொடுத்துப் பாதி விலையைக் கட்டட்டும். எப்படியும் சனவரியில் கொடுக்கப்போகும் வெள்ளிதானே?